முகப்புத் திரையில் கணவர்

பூங்கோதையிடம் அந்த வேலையைக் கொடுத்தபோது இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்றார் தாமோதரன். மென்பொருள் கம்பெனி முதலாளிகளுக்கு எல்லா வேலையுமே இரண்டு வாரத்தில் முடிகிற வேலைதான்.

கோவை சரவணம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அவர்கள் செய்து வந்தது 'நாடி' என்ற ஒரே ஒரு செயலி. கணவனும் மனைவியும் மணிக்கட்டில் ஆளுக்கொரு மெல்லிய பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நாடித் துடிப்பு, வியர்வை, உடம்புச் சூடு, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது அளந்து, அந்த நிமிடம் பட்டை கட்டியவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று இன்னொருவரின் போனுக்குச் சொல்லும். அமைதி, மகிழ்ச்சி, எரிச்சல், சலிப்பு, சோகம், பயம் என்று ஆறு மனநிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மனித மனதுக்கு ஆறு நிலைதானா என்று யாரோ ஆரம்பத்தில் கேட்டபோது, ஏழாவதுக்கு நல்ல நிறம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கல்யாணப் பரிசாக அந்தப் பட்டை ஜோடியைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. வாங்கியவர்கள் முதல் மாதம் செயலியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். பிறகு மறந்துபோனார்கள். தாமோதரனுக்கு இது பெரிய மனக்குறை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவியின் மனதைத் தெரிந்துகொள்ள ஒருவன் செயலியைத் தேடித் திறக்க மாட்டான், போனைக் கையில் எடுத்தாலே முகத்துக்கு நேரே தெரிய வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆகவே முகப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வேண்டும். விட்ஜெட். அதைச் செய்கிற பொறுப்புதான் பூங்கோதைக்கு வந்தது.

அவள் கணவன் நல்லசிவம் பீளமேட்டில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு எஞ்சினியர். எந்த இயந்திரமானாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, ஆப் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே சின்னதாக்கி வெளியே வைத்தால் முடிந்தது, இதற்கு எதற்கு இரண்டு வாரம் என்று கேட்டான்.

"ஆப் ஒரே புரோகிராம்ங்க. ஒரு தடவ எழுதினா ரெண்டு வகைப் போன்லயும் ஓடும்" என்றாள் பூங்கோதை. "ஆனா முகப்புத் திரை போன்காரனோட எடம். அங்க நம்ம புரோகிராம் போய் நிக்க முடியாது. அவனவன் பாஷையில தனித்தனியா எழுதி, ஒரு படம் எடுத்துக் குடுக்கோணும். அவன் வாங்கி மாட்டி வெச்சுக்குவான். அடுத்த படத்த எப்ப வாங்கறதுன்னும் அவன்தான் முடிவு பண்ணுவான்."

"அப்ப அதுல தெரியறது இப்ப நடக்கறது இல்ல?"

"இல்லைங்க. எப்பவோ எடுத்த போட்டோ."

நல்லசிவம், கண்ணாடி போட்ட ஜன்னல் என்று சொல்லி ஜன்னல் படத்தை விற்கிறீர்கள் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் அதை ஆபீசில் சொன்னாள். தாமோதரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கட்டம் தயாரானதும் முதலில் தங்கள் இருவரின் போனிலும்தான் அதைப் போட்டுப் பார்த்தாள். அவள் போன் ஒரு வகை, அவன் போன் இன்னொரு வகை. சோதனைக்கு இதைவிட வசதியான கல்யாணம் அமையாது.

அவளுடைய போன் தாராளமானது, சில நிமிடங்களுக்கு ஒரு முறை புதுப் படம் வாங்கிக்கொண்டது. நல்லசிவத்தின் போன் மகா கஞ்சன். பேட்டரி வீணாகிறதென்று பல மணி நேரம் பழைய படத்தையே மாட்டி வைத்திருந்தது. இதனால் அவனுக்கு மனைவியின் காலை நேரத்து மனநிலை மத்தியானமும், மத்தியான மனநிலை சாயங்காலமும் தெரிந்தது. அவள் மாமியாரோடு போனில் சண்டை போட்டுச் சமாதானமும் ஆன பிறகு, அவன் கையில் மல்லிகைப் பூவோடு வந்து நிற்பான். "மத்தியானம் ஏதோ எரிச்சலா இருந்தியாமா, என்னாச்சு?" என்பான். அவள் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வாள். சொல்லும்போது அது பாதி வேடிக்கையாகிவிட்டிருக்கும். அவனுடைய அம்மாவைப் பற்றிய கதைதான் என்றாலும் அவனும் சிரிப்பான்.

பூங்கோதையின் பாடுதான் சிரமம். அவளுக்கு எல்லாம் உடனுக்குடன் தெரிந்தது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லிக் கை கழுவுவதற்குள் கட்டம் சலிப்புக்கு மாறியது. அது குழம்பினால் வந்த சலிப்பா, காலையில் தொழிற்சாலையில் கேட்டுவிட்டு வந்த பேச்சினால் வந்த சலிப்பா என்று கட்டம் சொல்லவில்லை. அவள் குழம்புதான் என்று எடுத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் வருகிறான் என்றால் எரிச்சல். டிவியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஓடினால் மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற ஒரு பந்துவீச்சாளர் தன் கணவனைத் தன்னைவிட அதிகச் சந்தோஷமாக வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு ஆதாரத்தோடு தெரியவந்தது.

இதையெல்லாம்கூடத் தள்ளிவிடலாம். தள்ள முடியாமல் ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் நல்லசிவம் தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது கட்டம் பச்சையாக இருக்கும். அமைதி. ஊரில் புதிதாக விட்டிருந்த ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் ஏறி வீட்டை நோக்கி வர வர அது நீலமாகும். சோகம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கட்டம் இன்னும் நீலமாகவே இருக்கும், முகம் மட்டும் சிரிக்கும். வீட்டுக்கு வருவதென்றால் இவருக்கு இவ்வளவு துக்கமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கேட்காததற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் செய்தாள். வீட்டுத் திரைச்சீலையை மாற்றினாள். கொஞ்சமாகப் பேசினாள், பிறகு நிறையப் பேசினாள். அவன் வரும் நேரத்தில் புதுப்புடவை கட்டிப் பார்த்தாள். எங்கேயாவது போகிறோமா என்று கேட்டான் அவன்.

இதற்குள் விட்ஜெட்டைச் சில ஆயிரம் ஜோடிகளுக்குச் சோதனைக்காகக் கொடுத்திருந்தார்கள். புகார்கள் வரிசையாக வந்தன. ஒருவர் போனில் சீக்கிரம் தெரிகிறது, மற்றவர் போனில் தெரிவதில்லை, இது அநியாயம் என்றார்கள். கட்டம் தவறாகக் காட்டுகிறது என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். தன் மனைவி கோபமாக இருப்பதாகக் காட்டியது, போய்க் கேட்டேன், கோபமே இல்லை என்கிறாள், ஆனால் நான் கேட்டதிலிருந்து கோபமாக இருக்கிறாள் என்று அவிநாசிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

சென்னையிலிருந்து முதலீட்டாளர் சௌதாமினி வரப்போகிறார், அதற்குள் இரண்டு வகைப் போனிலும் கட்டம் நொடிக்கு நொடி மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார் தாமோதரன். அந்த அம்மாள் கைகொடுக்காவிட்டால் தீபாவளிக்குக் கம்பெனி இருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஆபீசில் காபி இயந்திரம் ரிப்பேராகி அப்படியே கிடந்ததிலிருந்து எல்லோருக்கும் விஷயம் புரிந்திருந்தது.

பூங்கோதை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆர்டர் செய்த சாப்பாடு எந்தத் தெருவில் வருகிறது என்று உடனுக்குடன் காட்டுவதற்காக மட்டும் போன்காரர்கள் ஒரு தனி வழி திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக நுழைந்தாள். அன்று முதல் நல்லசிவத்தின் போனைப் பொறுத்தவரை பூங்கோதை ஒரு பிரியாணிப் பொட்டலம், எந்நேரமும் வந்துகொண்டே இருப்பாள், வந்து சேரவே மாட்டாள். ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரின் கட்டங்களையும் தாமோதரனின் போனில் ஒரு நாள் அவளே ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சோதித்தாள். எல்லாம் நொடியில் மாறின. தாமோதரன் அவளுக்குக் கை கொடுத்தார்.

அன்று இரவு வீட்டில் இட்லி. மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். இருவரின் போனும் தட்டுக்குப் பக்கத்தில். முதன்முதலாக இரண்டு கட்டங்களும் ஒரே வேகத்தில் ஓடின.

அவள் மனதில் அந்த நீலக் கவலை. அவன் போனில் கட்டம் பயம் என்றது. அதைப் பார்த்து அவனுக்குப் படபடப்பு. அவள் போன் அதையும் பயம் என்று காட்டியது. இவர் எதற்குப் படபடக்கிறார் என்று அவளுக்கு எரிச்சல். அவன் அந்த எரிச்சலைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல், சட்னியைக்கூடக் கேட்டு வாங்காமல், இரண்டே இட்லிக்குள் அவள் எரிச்சலின் கடும் சிவப்புக்கும் அவன் பயத்தின் கடும் மஞ்சளுக்கும் போய்விட்டார்கள்.

"இப்ப எதுக்கு உனக்கு எரிச்சல்?" என்றான் நல்லசிவம்.

"நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

"நீ எரிச்சலா இருக்கறதப் பாத்துத்தான்."

"நீங்க பயந்ததப் பாத்துத்தான் எனக்கு எரிச்சலே வந்துச்சு."

எங்கே ஆரம்பித்தது என்று இருவரும் யோசித்தார்கள். ஆரம்பம் கிடைக்கவில்லை. காரணம் இருக்கிற சண்டை என்றால் யாராவது ஒருவர் தப்பு என்று ஒப்புக்கொண்டு முடிக்கலாம். இதில் ஒப்புக்கொள்ள ஒன்றுமே இல்லை. நல்லசிவம் எழுந்தான். இரண்டு போனையும் எடுத்து ஃபிரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எதிரே என்ன நிறம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இருவருக்குமே கூச்சமாக இருந்தது. பூங்கோதை தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தெனமும் சாயங்காலம் பஸ்ல வரும்போது சோகம்னு காட்டுதுங்க. வீட்டுக்கு வர்றது அத்தன கஷ்டமா இருக்குதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இப்படி நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அவன் கனவிலும் எண்ணியதில்லை என்பது, கட்டத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

"வீட்டுக்கு வர்றதுக்கு இல்ல, கோதை. அந்த பஸ் ஆஸ்பத்திரி வழியாத்தான வருது. நிறுத்தம் பேரச் சத்தமாச் சொல்லுது. தெனமும் சொல்லுது."

எந்த ஆஸ்பத்திரி என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமான மறு வருடம், ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போனபோது அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரி. அப்போது நல்லசிவம் அழவில்லை. மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் ஓடினான், இளநீர் வாங்கி வந்தான், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். ஆண்பிள்ளை, தாங்கிக்கொண்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கொஞ்சம் கோபமாகவே நினைத்தாள்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

"நீ தேறி வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்ட. நாமளே எதுக்குக் கெளறோணும்னு இருந்துட்டேன்."

"நான் தேறலைங்க" என்றாள்.

இட்லி ஆறிப்போனது. அவர்கள் அந்த ராத்திரி பேசியதை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்கு அவன் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தான். அதை அன்றுதான் அவளிடம் சொன்னான். அவளும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை பூங்கோதை தாமோதரனிடம் போய், விட்ஜெட்டை மறுபடி தாமதமாகவே காட்டும்படி மாற்றிவிடலாம் என்றாள். உடனுக்குடன் தெரிந்தால் ஆட்கள் தாங்களே ஒரு முடிவு கட்டிக்கொள்கிறார்கள், ஆறின பிறகு தெரிந்தால் என்னவென்று கேட்கிறார்கள் என்று தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. தாமோதரன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேகமான போன் வேண்டும் என்று ஜனங்கள் கடையில் வரிசையில் நிற்கும் காலத்தில், நம்முடையது மெதுவாக வரும் என்று போர்டு மாட்டச் சொல்கிறாயா என்று கேட்டார். சௌதாமினி வந்துபோகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

சௌதாமினி வெள்ளிக்கிழமை வந்தார். அதிகம் பேசாதவர், ஆனால் எதையும் விடாமல் பார்ப்பவர். தாமோதரன் செயல்முறை விளக்கத்துக்குத் தன் மனைவி சுலோச்சனாவையே அழைத்து வந்திருந்தார். சுலோச்சனா பள்ளிக்கூட ஆசிரியை, அதற்காக லீவு போட்டிருந்தார். சுலோச்சனாவின் போனை ஒரு கம்பி வழியாகச் சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்தார்கள். போனின் முகப்பு சுவர் அளவுக்குத் தெரிந்தது, நடுவில் தாமோதரனின் மனநிலை கட்டமாக. பட்டை கட்டிய கையை ஆட்டி ஆட்டி தாமோதரன் பேச ஆரம்பித்தார்.

இந்த யோசனையில் இருந்த ஒரே கோளாறை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கம்பெனி நல்ல நிலையில் இருக்கிறது, எதிர்காலத்தைப் பற்றித் தனக்குத் துளியும் சந்தேகமில்லை என்றார் தாமோதரன். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க மஞ்சள் நிறத்தில் 'பயம்' என்று எழுதியிருந்தது. பிரச்சினை எதுவும் இல்லை என்றார். மஞ்சள் இன்னும் அடர்த்தியானது. எல்லோரும் தனக்குப் பின்னால் எதையோ பார்ப்பதை உணர்ந்து திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அது வேறு நிறத்துக்குப் போக வழியே இல்லாமல் போயிற்று.

சௌதாமினி சிரிக்கவில்லை. கருவி அருமையாக வேலை செய்கிறது என்றார். பிறகு கணவன் மனைவிக்கு இது எதற்கு, இதை ஆபீஸ்களுக்குக் கொடுக்கலாமே என்று ஆரம்பித்தார். வேலைக்குச் சேரும்போதே பட்டை கட்டிவிட வேண்டும். மேனேஜருடைய போனின் முகப்பில் அவருக்குக் கீழே இருக்கிற எல்லோருடைய கட்டமும் இருக்க வேண்டும். யாருக்கு வேலையில் சலிப்பு, யார் வேறு இடம் தேடுகிறார், யார் பொய்க் காய்ச்சல் சொல்லி லீவு கேட்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படிச் செய்து கொடுத்தால் இன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார் என்றார்.

"ஒரே போன்ல அத்தனை பேரையும் லைவா காட்ட முடியுமா?" என்று பூங்கோதையிடம் கேட்டார்.

"முடியாதுங்க மேடம். போன் அதுக்கு விடாது" என்றாள் பூங்கோதை.

அது பொய் என்று அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அவளுக்கும், தன் போனிலேயே அதைப் பார்த்துக் கை கொடுத்த தாமோதரனுக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த சுவர் மெதுவாகப் பச்சையானது. அமைதி.

சௌதாமினி சுவரைப் பார்த்தார்.

"முடியாதுன்னு சொன்னதும் சாருக்கு நிம்மதி ஆயிடுச்சு. அப்போ முடியும்."

தாமோதரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பெனி பிழைத்துவிடும். பின்னால் பச்சை போய் மஞ்சள் வந்தது. அவ்வளவு அடர்த்தியான மஞ்சளை சோதனையில்கூட யாரும் பார்த்ததில்லை.

"முடியுமுங்க" என்றார் அவர். "ஆனா நாங்க செய்யறதா இல்லைங்க."

ஏன் என்று கேட்டார் சௌதாமினி. தாமோதரன் திரும்பாமலே கட்டை விரலால் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

"இந்தப் பத்து நிமிசம் இங்க நின்னு பாத்தேனுங்க. இப்படி ஒரு ஆளு மாசம் பூராச் சம்பளத்துக்காக நிக்கோணும்னா வேண்டாமுங்க."

சொல்லி முடித்தும் அவர் பயந்துகொண்டுதான் இருந்தார். எவ்வளவு பயம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போது சுலோச்சனா எழுந்தார். நேராகப் போய்த் திரைக்குப் போகிற கம்பியைப் பிடுங்கினார். சுவர் வெறும் வெள்ளையானது. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கணவரின் பக்கத்தில் வந்து நின்றார். தேவையில்லாமலே அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தார்.

சௌதாமினி காபி சாப்பிடாமல் கிளம்பினார். கொடுக்கவும் காபி இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்று படியிறங்கும்போது சொன்னார். செய்தார்கள் என்றுதான் கேள்வி. இப்போதெல்லாம் சில பெரிய ஆபீஸ்களில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பட்டை கட்டுகிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் தினமும் காலையில் முகத்துக்குப் பவுடர் போடுவது போல மனதுக்கும் எதையோ பூசிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள் என்று சொல்லக் கேள்வி.

'நாடி' ஆபீசில் ஆள் குறைந்தது. கீழே இருந்த பல் டாக்டர் மாடியின் பாதியை எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியில், இழக்க ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில், தாமோதரன் பூங்கோதையை அவள் இஷ்டப்படி செய்யச் சொல்லிவிட்டார். அவள் பிரியாணி வழியை மூடினாள். எந்த வகைப் போனானாலும் கட்டம் அரை நாள் தாமதமாகத்தான் மாறும். மனநிலைக்கு மேலே சின்ன எழுத்தில் 'அப்போது' என்று ஒரு வார்த்தை இருக்கும். அதற்கு மேல் ஒரு வரியும் அவள் எழுதவில்லை. நல்லசிவமும் அவளும் பட்டையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டார்கள். சில சாயங்காலம் அவள் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பிப் போய் அதே பஸ்ஸில் அவனோடு வந்தாள். அந்த நிறுத்தத்தின் பெயரை பஸ் சொல்லும்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் தாமோதரன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கு வேகமாக வந்தார். செயலியைப் பற்றி ஜனங்கள் எழுதியிருந்ததைக் காட்டினார். முன்பு தப்பும் தவறுமாகக் காட்டியது, இப்போது துல்லியம் என்று ஒருவர். என் மனைவியிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது என்று இன்னொருவர். அவிநாசிக்காரர் கூட நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை, விட்டுப் போனவர்களைத் தாண்டிவிட்டது.

"ஏம்மா, மனசக் கணக்குப் போடற பகுதியவே மாத்திட்டியா?"

"அதத் தொடவே இல்லைங்க சார். அது முன்னாடியும் சரியாத்தான் சொல்லுச்சு. சூடா இருக்கறப்ப யாரும் ஒத்துக்கல. இப்ப ஆற வெச்சுக் குடுக்கறோம், ஆமாங்கறாங்க."

தாமோதரன் தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சுலோச்சனா போனுக்கு மட்டும் இன்னும் ஒரு அரை நாள் சேத்தி லேட்டாக்க முடியுமா? அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பூங்கோதை அவரைப் பார்த்தாள். சிரித்துவிடக் கூடாது என்று கொஞ்சம் பாடுபட்டாள்.

"உங்க போனுக்கு அந்த அரை நாள அவங்க போன வாரமே கேட்டு வாங்கிட்டாங்க சார்" என்றாள்.